பதிமூன்று கையெழுத்து

முப்பது வயதில் எம்.ஏ. வகுப்பில் போய் உட்காருகிறவனை ஊர் இரண்டு விதமாகப் பார்க்கும். ஒன்று, கிறுக்கு என்று சொல்லும். இல்லாவிட்டால் பெரிய படிப்பாளி என்று சொல்லி எட்ட நிறுத்திவிடும். ராஜபாளையம் பொன்னுராஜுக்கு இரண்டும் கிடைத்தன. மில்லில் கிறுக்கு, கல்லூரியில் படிப்பாளி. இரண்டு பட்டத்தையும் அவன் கேட்டு வாங்கவில்லை.

மில்லில் அவனுக்கு லேப்பில் வேலை. நூலின் தரத்தைச் சோதிக்கிற அறைக்கு அங்கே அதுதான் பெயர். பி.ஏ. பொருளாதாரம் முடித்த கையோடு ஏதாவது ஒரு மிஷினில் ஒட்டிக்கொள்ளலாம் என்று போனவனை, கணக்கு நன்றாக வருகிறது என்று லேப்பில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு மிஷினிலிருந்தும் கொஞ்சம் நூலை எடுத்து, நூற்றிருபது கெஜம் சுற்றி, எடை போட்டு, நூலின் சன்னத்தைச் சொல்கிற நம்பர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் சராசரி நாற்பது வர வேண்டும். வந்துவிட்டால் சூப்பர்வைசருக்குத் திருப்தி, கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். பொன்னுராஜுக்குத்தான் திருப்தி வராது. முப்பத்தெட்டையும் நாற்பத்திரண்டையும் சேர்த்தாலும் சராசரி நாற்பதுதானே? அந்த நூலில் துணி நெய்தால் பட்டை பட்டையாக அல்லவா நிற்கும்? ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கிறது, ஏன் விலகுகிறது, பஞ்சினாலா, மிஷினாலா, அன்றைக்கு அடித்த வெயிலாலா என்று நோண்டிக்கொண்டே இருப்பான். கிறுக்கு என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

எட்டு வருஷம் நோண்டிய பிறகு அவனுக்கு ஒரு விஷயம் தெரிந்தது. தான் நூலில் செய்வதை ஊர், நாடு, கூலி, விலைவாசி எல்லாவற்றிலும் செய்கிற படிப்பு ஒன்று இருக்கிறது. அதற்குப் பொருளாதார அளவியல் என்று பெயர். எம்.ஏ.வில் அது வரும். அவ்வளவுதான், மனிதன் பித்துப் பிடித்தவன் போல் ஆகிவிட்டான். சூப்பர்வைசரிடம் கெஞ்சி, சாயங்காலம் நாலு மணிக்குத் தொடங்கும் அரை நைட் ஷிப்டை நிரந்தரமாக வாங்கிக்கொண்டான். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ், பத்து மணிக்கு வகுப்பு, மூன்று மணிக்கு ஓட்டம், நாலு மணிக்கு மில் கேட். மனைவி பாண்டிசெல்வி பேண்டேஜ் துணி பாக்கிங் பண்ணுகிற கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரே வீட்டில் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைதான் ஒருவர் முகத்தை ஒருவர் வெளிச்சத்தில் பார்த்தார்கள்.

முதல் வருஷம் போனது தெரியவில்லை. அந்த வருஷக் கடைசியில் மதுரையிலிருந்து ஓர் ஆராய்ச்சி நிறுவனத்து அம்மாள் கருத்தரங்குக்கு வந்தார். மேடையில் ஒரு வரைபடத்தைக் காட்டி, இதில் என்ன தப்பு என்று கேட்டார். பேராசிரியர்களே பேசாமல் இருந்தபோது, கடைசி பெஞ்சிலிருந்து பொன்னுராஜ் எழுந்து, "மேடம், சராசரிய மட்டும் போட்டிருக்கீங்க, அது எம்புட்டு விலகுதுன்னு போடலையே" என்றான். அந்த அம்மாளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. மத்தியானம் கூப்பிட்டு விசாரித்தார். கள ஆய்வு விவரங்களைச் சோதிக்க வருஷா வருஷம் ஜூனில் இரண்டு பேரை எடுக்கிறோம், விண்ணப்பம் போடுங்கள், உங்களைப் போல ஆள் கிடைப்பது அபூர்வம் என்றார். இரண்டு நிபந்தனை. முப்பத்திரண்டு வயது முடிந்திருக்கக் கூடாது. மதிப்பெண் பட்டியலில் பொருளாதார அளவியல் ஒரு தாளாக இருக்க வேண்டும்.

படிப்பு முடிகிற வருஷம் ஜூலையில் பொன்னுராஜுக்கு முப்பத்திரண்டு முடிகிறது. ஆக, அதற்கு முந்தைய அந்த ஒரு ஜூனை விட்டால் பிறகு எந்த ஜூனும் இல்லை.

"மதுரைல தண்ணி எப்படிங்க?" என்று பாண்டிசெல்வி கேட்டாள். வேலையே கிடைக்கவில்லை, அதற்குள் தண்ணீரைப் பற்றி விசாரிக்கிறாளே என்று அவன் சிரித்தான். ஆனால் மறுநாள் பஸ்ஸில், மதுரைக்காரன் ஒருவனிடம் அவனே அதைக் கேட்டான்.

இனித்தான் விஷயம் வருகிறது. மூன்றாம் செமஸ்டரில் ஒரு விருப்பப் பாடம் உண்டு. ஒரு பக்கம் பொருளாதார அளவியல், இன்னொரு பக்கம் ஊரக வளர்ச்சி. எது வேண்டுமோ மாணவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று கையேட்டில் போட்டிருக்கும். எல்லாம் கையேட்டோடு சரி. பத்துப் பேராவது கேட்டால்தான் ஒரு பாடம் நடக்கும். வகுப்பில் இருப்பது பதினாறு பேர். பதினாறைப் பத்தும் பத்துமாகப் பிரிக்க எந்தப் பொருளாதாரத்திலும் வழியில்லை. ஆகவே சீனியர்கள் எதை எடுத்தார்களோ அதையே எடுப்பது என்பது அந்தத் துறையின் பழக்கம். சீனியர்கள் எடுத்தது ஊரக வளர்ச்சி. அவர்களுக்கு முந்தைய சீனியர்களும் அதையேதான் எடுத்தார்கள். காரணம், பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அதற்கு அறுபத்துநாலு பக்கத்தில், ஏழு வருஷக் கேள்விகளோடு, தமிழில் நோட்ஸ் இருந்தது. நோட்ஸ் இருக்கிற பாடமே நல்ல பாடம். இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அரியர் விழுந்தால் வீட்டில் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தோடு படிக்கிற பிள்ளைகள் வேறு எதைப் பார்த்துப் பாடம் எடுப்பார்கள்?

பொன்னுராஜ் யோசித்தான். நோட்ஸ்தானே பிரச்சினை? நாமே எழுதிவிடுவோம். கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து முதல் இரண்டு அலகுகளைத் தமிழில் எழுதினான். உதாரணம் எல்லாம் நம் ஊரிலிருந்து போட்டான். பால்கோவா விலைக்கும் பால் விலைக்கும் உள்ள தொடர்பு, பஞ்சு விலைக்கும் மில் ஷிப்டுக்கும் உள்ள தொடர்பு என்று அழகாக வந்திருந்தது. ஜூலையில் கல்லூரி திறந்ததும் எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்தான்.

"சூப்பர்ணே! சார் நடத்துனா கூட இப்படிப் புரியாது" என்றான் வகுப்புத் தலைவன் சதீஷ்.

"அப்ப இதையே எடுப்பமா?"

"நீங்க சொன்னாச் சரிதாண்ணே."

பொன்னுராஜ் ஒரு முழுநீளத் தாளை எடுத்து, 'பொருளாதார அளவியல் எடுக்க விரும்புவோர்' என்று தலைப்பிட்டு நீட்டினான். சதீஷ் போட்டான். ஆபித் போட்டான். சப்ரீன் இரண்டு தடவை பேனாவை எடுத்து வைத்துவிட்டு, பிறகு போட்டாள். ஒரு வாரத்தில், தன்னுடையதையும் சேர்த்து, பதிமூன்று கையெழுத்து ஆயிற்று. அவன் ஏன் அவசியம் அந்தப் பாடத்தைக் கேட்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். மதுரை வேலையைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தான்.

எட்டு வருஷம் நூலை நம்பாமல் சோதித்த மனிதன், பன்னிரண்டு மனிதர்களைச் சோதிக்காமல் நம்பினான். அவன்மேல் எனக்கு இருக்கிற கோபமே இதுதான். நம் பக்கத்தில் வயதில் மூத்தவன் முகத்துக்கு நேரே நின்று கேட்டால், மாட்டேன் என்று யார் சொல்லியிருக்கிறார்கள்? "சரிண்ணே" என்போம், "பாப்போம்ணே" என்போம், "ஆகட்டும்" என்போம். இன்சூரன்ஸ் பிடிக்க வருகிற அத்தை மகனிடம் பொன்னுராஜே நாலு வருஷமாக "பாப்போம் மாப்ள" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். அத்தை மகனுக்குக்கூட அதன் அர்த்தம் தெரியும். வகுப்பில் எல்லோரும் தன்னை அண்ணே என்று கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டபோது மட்டும் பொன்னுராஜுக்கு அது தெரியாமல் போயிற்று. வேண்டும் வேண்டும் என்று இருக்கிறவனுக்குக் காது அப்படித்தான் கேட்கும்.

ஒரே ஒருத்தி மட்டும் வந்து கேட்டாள். வன்னியம்பட்டி வேலுத்தாய். அப்பா விவசாயம், அந்த வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள். கணக்கு என்றால் அவளுக்குப் பயம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை மூடிவிட்டு வந்து நின்றாள்.

"அண்ணே, உள்ளதச் சொல்லுங்க. இத எடுத்தா நான் பாஸாயிருவேனா?"

பொன்னுராஜ் பொய் சொல்லியிருக்கலாம். அவளுடைய முதல் வருஷப் புள்ளியியல் மார்க் அவனுக்குத் தெரியும், நூலிழையில் தப்பித்திருந்தாள்.

"கஷ்டம்தாம்மா. நீ ஊரக வளர்ச்சியே போட்டுரு. ஒன்னைத் தவிர பன்னெண்டு பேர் இருக்கோம், எனக்கு அது போதும். ஒன் கையெழுத்த அடிச்சிருதேன்."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவன் அவள் பெயரின்மேல் ஒரு கோடு போட்டான். அன்றைக்கு மனது லேசாக இருந்தது. ஒருத்தியை விட்டுக்கொடுத்தும் மிச்சம் இருக்கிறதே என்ற மிதப்பு.

ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விட்டிருந்தார்கள். அதை ஒட்டி மூன்று நாள், கல்லூரி இணையதளத்தில் விருப்பப் பாடத்தைப் பதிவு செய்ய வேண்டும். அவரவர் போனில், அவரவர் எண்ணுக்கு வருகிற ரகசிய எண்ணைப் போட்டு, அவரவர் தட்ட வேண்டும். பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். பொன்னுராஜ் முதல் நாளே தட்டிவிட்டான். தேரன்று பாண்டிசெல்வியைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனான். கூட்டத்தில் ஒரு கடை வாசலில் ஆபித்தைப் பார்த்தபோது, "போட்டுட்டியாடா?" என்று கேட்டான். "போட்டாச்சுண்ணே" என்றான் ஆபித். எதைப் போட்டாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை துறைத் தலைவர் நவநீதகிருஷ்ணன் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. கம்ப்யூட்டர் திரையைக் கொஞ்சம் அவன் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"உக்காருப்பா பொன்னுராஜ். நீ அளவியல் கேட்டிருக்க."

"ஆமா சார். பன்னெண்டு பேர்."

"ரெண்டு பேர்."

அவன் புரியாமல் பார்த்தான். அவர் திரையைத் தொட்டுக் காட்டினார். பொருளாதார அளவியல் என்பதன் கீழே இரண்டே பெயர்கள். பொன்னுராஜ். வேலுத்தாய்.

பையிலிருந்து தாளை எடுத்து மேஜைமேல் விரித்தான். விரித்தபோதே அது ஒன்றுக்கும் உதவாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நவநீதகிருஷ்ணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது ஒனக்குப் போட்டது. இந்தா திரைல இருக்கே, இது அவங்கவங்களுக்குப் போட்டது."

"சார், ஒரு நாள் மட்டும் மறுபடியும் திறந்து விடச் சொல்லுங்க. நான் பேசிப் பாக்கேன்."

"பேசுவ. நீ முன்னால நின்னா மாத்தவும் செய்வாங்க. பொறவு பரீட்சைல போச்சுன்னா யாரு பதில் சொல்லது? நீயா, நானா?"

வேலுத்தாயிடம் அவனே சொன்னதுதானே அது. ஒருத்திக்குப் பொருந்தும் நியாயம் மற்றவர்களுக்கும் பொருந்தும் அல்லவா? இரண்டு பேருக்காக வாரம் ஐந்து மணி நேரம் ஆசிரியர் ஒதுக்க விதி இல்லை. தானாகப் படித்துப் பரீட்சை எழுதுகிறேன் என்றான். அதற்கும் விதி இல்லை. நவநீதகிருஷ்ணன் அவன் கண்முன்னாலேயே அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். இல்லை என்ற பதிலை அவனுக்கும் கேட்கும்படி போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார். அதற்குமேல் அவராலும் ஆவது ஒன்றுமில்லை.

வகுப்புக்குப் போனபோது யாரும் நிமிரவில்லை. செய்தி அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. பொன்னுராஜ் சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவனும் வரும் வழியில் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தான். சதீஷின் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

"அண்ணே, தப்பா நெனச்சுக்கிடாதீங்க. பதிமூணு பேரு போட்டிருக்கோம்ல. நான் ஒருத்தன் மாறுனா பன்னெண்டு. பத்துக்கு மேலதான இருக்கு, அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

ஆபித்தும் அதையேதான் நினைத்திருந்தான். சப்ரீனும்தான். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். அரியர் வைத்தால் பிறகு பரீட்சைக்கு யார் அனுப்புவார்கள் என்று கண் கலங்கினாள். பதினொரு பேரும் பதிமூன்றிலிருந்து தன் ஒருவனை, தன் ஒருத்தியை மட்டும் கழித்துப் பார்த்து, மிச்சம் போதும் என்று நிம்மதியாகத் தட்டியிருந்தார்கள். எல்லோரும் சுமப்பார்கள் என்று ஒவ்வொருவரும் கையை எடுத்துக்கொள்கிற இந்தச் சங்கதிக்குப் பாடத்தில் ஒரு பெயரே உண்டு. முதல் செமஸ்டரில் ஐந்து மார்க் கேள்வியாக வந்தது. பதினாறு பேரும் எழுதிப் பாஸானார்கள்.

யாரைத் திட்டுவது? துரோகம் செய்தவன் என்று ஒருவன் இருந்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இருந்ததெல்லாம் பயந்த பிள்ளைகள்தான்.

வராந்தாவில் வேலுத்தாய் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒன்னைத்தான் மாத்திக்கோன்னு சொன்னேனே. ஏன் இதப் போட்ட?" என்று கேட்டான். குரலில் கோபம் அவள்மேல்தான் போய் விழுந்தது.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பாஸாக மாட்டேன்னு எங்கிட்ட நேராச் சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தாண்ணே. மத்தவங்கெல்லாம் நீ நல்லாப் படிப்ப, நல்லாப் படிப்பன்னே சொல்லுவாவ. அப்படி உள்ளதச் சொல்லுத ஆளு சொல்லிக் குடுத்தா, நான் பாஸாயிருவேன்னு தோணிச்சு."

பொன்னுராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அழக்கூடாது என்று நினைத்தான், ஆனாலும் அழுகை வந்துவிட்டது. மூன்று மணி பஸ்ஸை அன்று விட்டுவிட்டான். மில் கேட்டில் அரை மணி நேரம் தாமதம் என்று எழுதினார்கள்.

மதுரை அம்மாளுக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினான். வேறு இடத்தில் இந்தப் பாடத்தை மட்டும் படித்துத் தனிச் சான்றிதழ் கொண்டுவரலாமா என்று கேட்டான். அவரே போனில் கூப்பிட்டார். மிகவும் வருத்தப்பட்டுப் பேசினார். மதிப்பெண் பட்டியல் என்றுதான் அறிவிப்பில் இருக்கிறது, குழுவில் நான் ஒருத்தி மட்டும் இல்லையே, உங்களைப் போல ஆள் கிடைப்பது அபூர்வம் என்று மறுபடியும் சொன்னார். அன்றைக்கு இனித்த அதே வார்த்தை இன்றைக்குக் காதில் விழவே பிடிக்கவில்லை. நன்றி மேடம் என்று வைத்துவிட்டான்.

பாண்டிசெல்வியிடம் ஞாயிற்றுக்கிழமை சொன்னான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பிள்ளைய என்ன செய்வாவ?" என்றாள்.

"எந்தப் பிள்ளைய?"

"வன்னியம்பட்டிப் பிள்ளைய. நம்மளால அதுக்கும் கேடு வந்துரக் கூடாதுல்ல."

தனக்கு வராத யோசனை அவளுக்கு வந்ததை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதே சமயம், அவள் மதுரையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காதது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கேடு வரத்தான் இருந்தது. திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து ஓலை வந்துவிட்டது. நடக்காத பாடத்தில் பெயர் இருக்கிற இருவரும் புதன்கிழமைக்குள் எழுத்து மூலம் ஊரக வளர்ச்சிக்கு மாற வேண்டும். மாறாவிட்டால் அந்தப் பாடத்துக்குரிய நான்கு கிரெடிட் குறையும். கிரெடிட் குறைந்தால் மற்ற எல்லாத் தாளிலும் முதல் வகுப்பு வாங்கினாலும் பட்டம் கிடையாது.

இருவரும் துறைத் தலைவர் அறையில் ஆளுக்கொரு வெள்ளைத் தாளோடு உட்கார்ந்தார்கள். பொன்னுராஜின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். லேப் ரிஜிஸ்டரில் எழுதிப் பழகிய கை. 'பொருளாதார அளவியல் பாடத்தைத் தேர்வு செய்திருந்தேன். போதிய மாணவர்கள் சேராததால் அவ்வகுப்பு நடைபெறாது எனத் தெரிவிக்கப்பட்டதால், வேறு வழியின்றி' என்று எழுதிக்கொண்டு போனான்.

நவநீதகிருஷ்ணன் எட்டிப் பார்த்தார். பேனாவை வாங்கிக் காரணம் முழுவதையும் ஒரே கோடாக அடித்தார்.

"இப்படி எழுதினா ஆபீஸ்ல திருப்பி அனுப்பிருவாங்கப்பா. துறை பாடம் நடத்தலைன்னு ஆகும், பொறவு விளக்கம் கேப்பாங்க. இதுக்குன்னு ஒரு வாசகம் இருக்கு, அத அப்படியே எழுதணும்." மேஜை இழுப்பறையிலிருந்து பழைய கடிதம் ஒன்றின் நகலை எடுத்துக் கொடுத்தார். அவருக்கும் அதைக் கொடுக்க மனமில்லை. கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

பொன்னுராஜ் வேறொரு தாள் வாங்கிக்கொண்டான்.

"அண்ணே, நீங்க வாசிச்சுக்கிட்டே எழுதுங்க. நானும் பாத்து எழுதிக்கிடுதேன், தப்பு வந்துரக் கூடாது" என்றாள் வேலுத்தாய்.

அவன் வாசித்தான். "யாருடைய தூண்டுதலும் இன்றி..."

"இன்றி..."

"என் சொந்த விருப்பத்தின் பேரில்..."

அவள் எழுதிக்கொண்டு வந்தவள் அந்த இடத்தில் நிறுத்தினாள். தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

"இத நீங்களும் எழுதணுமாண்ணே?"

"ஆமாம்மா. எழுது" என்று சொல்லிவிட்டு, அடுத்த வரிக்குப் போனான்.